காப்புக் கட்டிய கையோடு எல்லை தாண்டியவர்

முருகையா நாடாளுமன்றத்தில் அதிகம் பேசியவர் அல்ல. உறுப்பினராக இருந்த காலம் முழுவதிலும், நாட்டுப் பொருளாதாரத்தைப் பற்றிய விவாதங்களில் அவர் எழுந்து நின்றது கைவிரலுக்குள் அடங்கிவிடும். செமிலிங் பக்கத்து ஆத்துமேட்டுத் தோட்டத்து மக்கள் அதிலும் ஒரே ஒரு பேச்சைத்தான் நினைவில் வைத்திருந்தார்கள். அவர் என்ன பேசினார் என்பதற்காக அல்ல. எந்த நிலையில் போய்ப் பேசினார் என்பதற்காக.

அவருடைய அப்பா சேலத்துப் பக்கமிருந்து கப்பலேறி வந்தவர். காடாய்க் கிடந்த ஆத்துமேட்டை வெட்டித் திருத்தி ரப்பர் கன்று நட்டவர்களில் ஒருவர். காடு வெட்டும்போதே ஆற்றங்கரையில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, "ஆத்தா, பாம்புக்கும் காய்ச்சலுக்கும் எங்களைக் கொடுத்துடாதே" என்று விழுந்து கும்பிட்டார்கள். தகரக் கூரை போட்ட மாரியம்மன் கோயிலாகப் பின்னால் வளர்ந்தது அந்தக் கல்தான். சப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாமுக்கு ரயில்பாதை போட இழுத்துப் போனார்கள். போனவர் போனவர்தான். முருகையா அம்மாவோடு ரப்பர் மர நிரை பிடித்துப் பால் வெட்டினார். சண்டை முடிந்து தொழிற்சங்கம் வந்தது. கிளைச் செயலாளர் ஆனார். சுதந்திரம் வந்தது. ஓட்டு வந்தது. வட்டாரத்தில் யாரை நிறுத்துவது என்று கட்சிக்காரர்கள் குழம்பிக்கொண்டிருந்தபோது, எல்லோருக்கும் பொதுவான ஆள் என்று இவரைப் பிடித்து நிறுத்தினார்கள். ஜெயித்தும்விட்டார்.

ஜெயித்த பிறகும் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டை விடவில்லை. மனைவி இராசாத்தி பால் வெட்டப் போவதையும் விடவில்லை. "மெம்பரு பொண்டாட்டி வாளி தூக்குறா பாருலா" என்று நிரையில் கேலி பேசுவார்கள். "அவரு பேச்சுல பால் வடியாது, என் மரத்துலதான் வடியும்" என்பாள் அவள்.

அவருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர் முத்துக்குமாரு. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், சுங்கைப்பட்டாணியில் வக்கீல் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பேச்சுக்கு முன் முருகையா அவர் வீட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்து பேசிக் காட்டுவார். முத்துக்குமாரு சுருட்டைப் பிடித்தபடி கேட்பார்.

"என்ன காணும், உம்மட இங்கிலீஷ் பால் வாளி மாதிரி. நிறையத்தான் கிடக்கு, ஆனா நடக்கேக்க தளும்புது."

"தளும்பினாலும் கொட்டாம கொண்டு போயிடுவேங்க ஐயா."

"அதுதான் உம்மில எனக்குப் பிடிச்சது."

முதல் தடவை அவர் பேசியது வரவுசெலவுத் திட்டத்தின்மேல். பழைய மரங்களை வெட்டிவிட்டுப் புதுக் கன்று நடுவதற்கு அரசாங்கம் தோட்ட முதலாளிகளுக்கு உதவித் தொகை கொடுத்துவந்தது. நல்ல காரியம் என்றார் முருகையா. நாட்டின் வரும்படியே ரப்பரில்தான் இருக்கிறது, கிழட்டு மரத்தை வைத்துக்கொண்டு உலகச் சந்தையில் நிற்க முடியாது என்றார். அதோடு உட்கார்ந்திருந்தால் கைதட்டோடு போயிருக்கும். "ஆனால் கன்று பால் கொடுக்க ஆறேழு வருஷம் ஆகிறது. மரத்துக்குக் கொடுத்த உதவியில் பால் வெட்டினவனுக்கு ஒரு பங்கும் இல்லை. கன்று வளரும்வரை அவன் வயிறு பொறுத்திருக்குமா?" என்று கேட்டார். அமைச்சர் குறித்துக்கொண்டார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த தடவை பெண்டாங் பக்கத்து நெல் வயல்களுக்கு வாய்க்கால் வேண்டும் என்று பேசினார். வெளிநாட்டு அரிசிக்குப் போகிற பணத்தை இங்கேயே நிறுத்தலாம் என்றார். நெல் விளையும் கம்பத்துக் கிராமங்களின் உறுப்பினர்கள் மேசையைத் தட்டி வரவேற்றார்கள். தோட்டத்தில்தான் முணுமுணுப்பு.

"நம்ம ஓட்ட வாங்கிட்டு நெல்லுக்குப் பேசிட்டு வந்திருக்காரு மெம்பரு" என்றான் மனோகரன். பால் கொட்டகையில் வேலை செய்கிற இளவட்டம், வாய் கொஞ்சம் நீளம்.

"அப்ப ராத்திரிக்கு நீ என்னத்தலா திங்கிற? ரப்பரையா?" என்றார் முருகையா. கொட்டகை முழுக்கச் சிரித்தது. மனோகரனும் சிரித்துவிட்டான்.

அந்தச் சிரிப்பெல்லாம் தோட்டத்தில் சிவப்புக் குச்சிகள் முளைக்கும்வரைதான்.

வெள்ளைக்காரக் கம்பெனி தோட்டத்தை விற்றுவிட்டு ஊர் போகப் போகிறது என்று முன்பே காற்றுவாக்கில் பேச்சு இருந்தது. வாங்கியவர்கள் அதை முழுசாக வைத்துக்கொள்ளப் போவதில்லை. துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொரு பங்காக விற்கப் போகிறார்கள். அளவுக்காரர்கள் வந்து, தலையில் சிவப்புச் சாயம் பூசிய குச்சிகளை நிரைக்கு நடுவே அடித்துக்கொண்டே போனார்கள். ஒரு குச்சி, பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக்கொட்டகை வாசலில். ஒன்று லயத்துக் குழாயடியில். இன்னொன்று கோயில் பலிபீடத்துக்கு இரண்டடி தள்ளி. மற்றத் தோட்டங்களில் இப்படி வெட்டி விற்றபோது சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு பாலிங் பக்கமும் பினாங்குப் பக்கமும் அலைந்ததை எல்லோரும் பார்த்தவர்கள்தான். துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே பெண்கள் சட்டிபானைகளை எண்ண ஆரம்பித்தார்கள்.

இப்படித் தோட்டங்களைத் துண்டாடுவதை நிறுத்திவைத்து, அதனால் நாட்டுக்கு லாபமா நஷ்டமா என்று முதலில் ஆராய வேண்டும் என ஒரு தீர்மானம் சபைக்கு வர இருந்தது. அதில் பேச முருகையா பெயர் கொடுத்திருந்தார். நாளும் குறித்திருந்தார்கள். திருவிழா முடிந்து அடுத்த வாரம்.

அதை நம்பித்தான் அவர் அந்த வருஷம் காப்புக் கட்டிக்கொண்டார்.

ஆத்துமேட்டில் காப்புக் கட்டுவது விளையாட்டல்ல. பூசாரி மணியம் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு வைத்து அம்மனுக்கு முதலில் கட்டுவார். பிறகு திருவிழாத் தலைவர் கையில். பிறகு கரகம் தூக்குகிறவர்களுக்கும் தீ மிதிக்கிறவர்களுக்கும். கட்டியவர்கள் திருவிழா முடிந்து அம்மன் முன்னால் அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. சாவு விழுந்தாலும் கூடாது. தாண்டினால் குற்றம் அவரோடு நிற்காது, ஊரையே பிடிக்கும் என்பார்கள். "அடுத்த வருஷம் இந்தத் திருவிழா இருக்குமோ இருக்காதோ, நானே கட்டிக்கிறேன்" என்று முருகையா கையை நீட்ட, மணியம் முடிச்சை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டார்.

காப்புக் கட்டிய இரண்டாம் நாள் காலையில் முத்துக்குமாருவின் பழைய மோட்டார் காடி தோட்டத்து வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கியதும் இறங்காததுமாகக் கூப்பிட்டார்.

"முருகையா! கெதியா வெளிக்கிடும். சபையில ஒழுங்கை மாத்திப் போட்டாங்கள். உம்மட தீர்மானம் நாளையிண்டைக்கு வருது. உமக்கு அடிச்ச தந்தி என்ட விலாசத்துக்கு வந்து கிடக்கு. இண்டைக்கு ரயில் பிடிச்சால்தான் சரி."

முருகையா தோட்டத்து எல்லையான வாசல் கட்டைக்கு இந்தப் பக்கமே நின்றார். கையைத் தூக்கிக் காட்டினார்.

முத்துக்குமாரு மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். "உந்தக் கயித்தைக் கழட்டி வீட்டில வச்சிட்டு வாரும். திரும்பி வந்து கட்டலாம்தானே?"

"அப்பிடிக் கழட்ட முடியாதுங்க ஐயா."

"ஏன், பூட்டுப் போட்டிருக்கோ?"

முருகையா சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் முத்துக்குமாருவும் அடங்கிவிட்டார். "சரி காணும். நான் இதில நிக்கிறன். நீர் போய் உம்மட ஆக்களோட கதைச்சிட்டு வாரும்."

கோயில் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. பூசாரி மணியம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் வாய் திறந்தவள் காளியம்மா. வருஷா வருஷம் ஆற்றிலிருந்து கரகம் தூக்கி வருகிறவள் அவள். புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பிறகு அவளுக்கு ஆத்தாளைத் தவிர யாருமில்லை.

"தம்பி முருகையா, போவாத. ஒன்னு சொல்லிப்புட்டேன். காப்போட எல்ல தாண்டினா ஆத்தா பொறுக்க மாட்டா. பேச ஆயிரம் பேரு இருக்கான் அந்தச் சபையில. நம்ம ஆத்தாளுக்கு யாரு இருக்கா?"

"அந்த ஆயிரம் பேருல நம்ம தோட்டத்துக் குழாயடி எவனுக்குத் தெரியும்க்கா?" என்றான் மனோகரன். "ஆத்தா எல்லையத் துண்டு போட்டு விக்கிறானுங்க. அத கேக்கப் போறதும் குத்தமா?"

"நீ சும்மா இரு. வாயிருந்தா போதுமா?" என்றாள் காளியம்மா.

"ஏன் பூசாரி, காப்ப அவுத்துட்டுப் போனா என்னா?" என்று யாரோ கேட்டார்கள்.

மணியம் தலையை ஆட்டினார். "தலைவர் காப்ப நடுவுல அவுத்தா திருவிழா முடிஞ்சதா அர்த்தம். ஆத்தா காப்பையும் அவுக்கணும். தீக்குழியும் கெடயாது, கரகமும் கெடயாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணும்னா பூப் போட்டுப் பாப்பம்" என்றார். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துப் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. ஆத்துமேட்டில் கல்யாணம் முதல் வழக்குவரை இப்படித்தான் ஆத்தாளிடம் கேட்பது வழக்கம்.

கூட்டத்துக்கு அது சரியென்று பட்டது. காளியம்மாகூட, "கேளு, அவ சொல்லட்டும்" என்றாள். மணியம் இலை கிள்ளப் போனார்.

"வேணாம் மணியம்" என்றார் முருகையா.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"கேட்டுட்டா அவ சொன்னபடி நடக்கணும். செவப்பு வந்தா நான் போவக் கூடாது. போவாமயும் என்னால இருக்க முடியாது. அவகிட்ட கேட்டுட்டு அவ வாக்க மீறுனா நான் மனுசனே இல்ல. அதனால கேக்கல. இது என் குத்தமாவே இருக்கட்டும்." அவர் மணியத்தின் பக்கம் திரும்பினார். "ஊரப் புடிக்காம என்னைய மட்டும் புடிக்க ஒரு வழி இருந்தா சொல்லு."

மணியம் அவர் கையைப் பிடித்துக் காப்பின் முடிச்சைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "தலைமைய வேற ஆளுக்கு மாத்திக் கட்டலாம். அப்ப நீங்க இந்தத் திருவிழாவுல இல்லாத ஆளு. குத்தம் ஊரச் சேராது. ஆனா அண்ணே, கட்டின காப்ப ஆத்தா முன்னாலதான் அவுக்கணும். எல்ல தாண்டினவரு கோயில் மண்ண மிதிக்கக் கூடாது. ஆத்தாளா கூப்புடுறவரைக்கும்."

"எப்பக் கூப்புடுவா?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே."

முருகையா திருவிழாத் தலைவருக்குக் கட்டிய தலைப்பாகைத் துணியை அவிழ்த்து, தலைமையை ஏற்கும்படி மனோகரன் கையில் கொடுத்தார். அவன் அழுதுவிட்டான். அவர் அம்மன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது நெற்றியில் மண் ஒட்டியிருந்தது, துடைக்கவில்லை. காளியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசல் கட்டைவரை இராசாத்தி கூடவே நடந்து வந்தாள். சட்டைத் துணி வைத்த பையைக் கொடுத்தாள். "போறதுதான் போறீங்க, தளும்பாமப் பேசிட்டு வாங்க" என்றாள். அவர் எல்லையைத் தாண்டி காடியில் ஏறினார்.

சபையில் அவருடைய முறை பிற்பகலில் வந்தது. கோட்டுக் கை நீளமாக இருந்தாலும் மஞ்சள் சாயம் சட்டை விளிம்பில் ஏறியிருந்தது. அவர் குறிப்பு எதையும் எடுக்கவில்லை.

நாட்டு வருமானத்தில் பெரும்பங்கு ரப்பர் என்று தொடங்கினார். பெரிய தோட்டம் ஒன்றாக இருக்கும்போதுதான் புதுக் கன்று நட முடிகிறது, ஆஸ்பத்திரி வைக்க முடிகிறது, பள்ளிக்கூடம் நடத்த முடிகிறது. துண்டு வாங்குகிறவர் பலருக்கு நிலத்தில் கண் இல்லை, கைமாற்றி விற்பதில்தான் கண். அவர் மரத்தை உறிஞ்சுவாரே தவிர ஒரு கன்று நடமாட்டார். பத்து வருஷம் கழித்து நாட்டின் கையில் என்ன இருக்கும்? "எங்கள் தோட்டத்தில் குச்சி அடித்திருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி ஒருவர் பங்கில் விழுந்திருக்கிறது. குழாய் இன்னொருவர் பங்கில். குடிக்கிற சனங்கள் யார் பங்கிலும் விழவில்லை."

எதிரில் ஓர் உறுப்பினர் எழுந்தார். சின்ன மனிதனும் சொந்தமாக நிலம் வாங்க வேண்டாமா, எல்லாம் வெள்ளைக்காரன் கையிலேயே இருக்க வேண்டுமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"வாங்கட்டும்" என்றார் முருகையா. "அந்த மரத்தை நட்டவனே வாங்கட்டும். வேலை செய்கிறவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து முழுத் தோட்டத்தையும் வாங்க அரசாங்கம் கடன் கொடுக்கட்டும். அப்போது துண்டாடவும் வேண்டாம், யாரும் துரத்தவும் வேண்டாம்."

பேசுகிற வேகத்தில் கையைத் தூக்கிவிட்டார். கோட்டுக் கை சரிந்து காப்பு வெளியே தெரிந்தது. பின்வரிசையிலிருந்து யாரோ, "பேச வேண்டியதை மறக்காமலிருக்க உறுப்பினர் கையில் முடிச்சுப் போட்டு வந்திருக்கிறாரோ?" என்றார். சபை சிரித்தது. சபாநாயகரும் புன்னகைத்தார்.

முருகையா கையை இறக்கவில்லை. "இது எங்கள் அம்மன் கோயில் காப்பு. இதைக் கட்டியவன் தன் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. நான் தாண்டி வந்திருக்கிறேன். திரும்பிப் போகும்போது அந்த எல்லை எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கத்தான் வந்தேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் உட்கார்ந்தார். அமைச்சர் பதில் சொல்லும்போது, உறுப்பினரின் கவலை அரசாங்கத்துக்குப் புரிகிறது, தக்கவர்களைக் கொண்டு ஆராய்வோம் என்றார். தீர்மானம் ஓட்டுக்கு வராமலே முடிந்தது.

அவர் திரும்பி வந்தது தீமிதி நாள். கோயிலில் மேளம் கேட்டது. அவர் வண்டி போகிற சடக்கோரத்து மரத்தடியில், எல்லைக்கு வெளியே நின்று, புகை எழுந்த திசையைப் பார்த்துக் கைகூப்பினார். இராசாத்தி கூழைத் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே குடித்தார்.

அன்று எல்லோர் காப்பும் அவிழ்ந்தது, அவருடையது தவிர. அந்தக் கையோடுதான் அவர் அடுத்த கூட்டத்துக்கும் போனார், அதற்கடுத்த கூட்டத்துக்கும் போனார். லயத்து வீட்டுக்கு வருவார், போவார். கோயில் வழியை விட்டுப் பால் கொட்டகை வழியாகச் சுற்றிக்கொண்டு நடப்பார். மஞ்சள் வெளுத்துக் கயிறு கறுத்துப்போனது. குளிக்கும்போது அறுந்துவிடாமல் இன்னொரு கையால் பிடித்துக்கொள்வார். வெள்ளிக்கிழமைகளில் ஆற்றின் அக்கரையில், கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில் போய் உட்காருவார்.

ஆராய்கிறவர்கள் வந்தார்கள். குழாயடியைப் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள், போனார்கள். ஆனால் விற்பனை காத்திருக்கவில்லை. ஆத்துமேடு துண்டு துண்டாகக் கைமாறியது. பாதிச் சனங்களுக்கு வேலை போனது. லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். காளியம்மா வாய்விட்டே சொன்னாள்: "அன்னிக்கே சொன்னேன். காப்போட தாண்டினான், தோட்டமே போயிருச்சு." யாரும் மறுத்துப் பேசவில்லை. முருகையாவும் மறுத்துப் பேசவில்லை. அவர் மனசுக்குள்ளும் அந்தப் பயம் இருந்தது. ஆத்தாதான் அறிவாள்.

கடைசியில் கோயில் நிலத்தை வாங்கியவரும் இடத்தைக் கேட்டார். வேறிடம் தேடி அலைந்தார்கள். செமிலிங் போகிற சடக்கோரம், பழைய எல்லைக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தை முத்துக்குமாருதான் தெரிந்தவர்களிடம் பேசிப் பிடித்துக் கொடுத்தார். "உங்கட ஆத்தாளுக்கு என்ட யேசுசாமி இடம் பார்த்துக் குடுத்திருக்கிறார் காணும். ரெண்டு பேரும் கதைச்சுக்கொள்ளட்டும்" என்றார்.

அம்மனைப் பெயர்த்தெடுத்த காலையில் முருகையா சடக்கோரத்து மரத்தடியில் நின்றார். மணியம் மஞ்சள் துணியில் சுற்றிய கல்லைத் தலையில் தூக்கி வந்தார். முன்னால் காளியம்மா விளக்கேந்தி வந்தாள். வாசல் கட்டைக்கு வந்ததும் அவள் கால் நின்றுவிட்டது. கரகம் தூக்கிய இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அந்தக் கட்டையைத் தாண்டி ஆத்தாளை அழைத்துப் போனதில்லை. கட்டையைப் பார்த்தாள். பின்னால் திரும்பி ஆத்தாளைப் பார்த்தாள். பிறகு எதிரே மரத்தடியில் நின்ற மனிதரைப் பார்த்தாள்.

தாண்டினாள். பின்னாலேயே மணியமும், மணியத்தின் தலைமேல் ஆத்தாளும் தாண்டினார்கள்.

"முருகையா" என்று கூப்பிட்டாள் காளியம்மா. "ஆத்தாளே எல்ல தாண்டி வந்துட்டா. இன்னும் என்னாத்துக்கு அங்க நிக்கிற? வா இப்பிடி."

அவர் வரவில்லை. கால் வரவில்லை. அவளே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து கல்லின் முன்னால் நிறுத்தினாள். மனோகரன் ஓடிப்போய் பித்தளைத் தட்டைக் கொண்டு வந்தான். மணியம் கல்லை மடியில் இறக்கி வைத்துக்கொண்டு சடக்கிலேயே உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை, இறுகிப் போயிருந்தது. இழுத்தார். கயிறு பொடிந்து தட்டில் உதிர்ந்தது. மணிக்கட்டைச் சுற்றி வெயில் படாத தோல் வெள்ளையாகத் தெரிந்தது. முருகையா அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மறுபடி ஊர்வலம் நகர்ந்தது. காளியம்மா விளக்கை ஒரு கையால் காற்றுக்கு மறைத்தபடி அவர் பக்கத்தில் நடந்து வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"ஆனாலும் நீ தாண்டியிருக்கக் கூடாது தம்பி."

"ஆமாக்கா" என்றார் முருகையா.